பதினான்கு அடி இடைவெளி

சியாட்டிலின் கோல்மன் துறையிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்குப் படகில் 35 நிமிடம். கார்களை வரிசை வரிசையாகக் கீழ்த்தளத்தில் ஏற்றிக்கொள்ளும் பெரிய படகு அது. வண்டியைப் பூட்டிவிட்டு மேலே வந்தால் முன்தளத்தில் நின்றுகொண்டே போகலாம். அன்று வானத்தில் மேகமே இல்லை. தெற்கே ரெய்னியர் மலை அடிமுதல் முடிவரை தெரிந்தது. மேற்கே ஒலிம்பிக் மலைகள். ஆகஸ்ட் மாதம்தான், இருந்தாலும் தளத்தில் வீசிய காற்றுக்கு ஸ்வெட்டர் வேண்டியிருந்தது.

அக்கா மகள் ரெட்மண்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். மாலையானால் பேடில் என்கிற மட்டையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுகிறவள். பிக்கிள்பால் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "பெரிய போட்டியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சித்தி. மொதல்ல அது பொறந்த தீவுக்குப் போவோம். அங்க ஊர்க்காரங்க ஆடறதைப் பக்கத்துல நின்னு பாத்தாத்தான் உங்களுக்குப் புரியும்" என்று சொல்லி அந்த வார இறுதிக்கே கிளப்பிவிட்டாள்.

எனக்குப் புரியவேண்டியிருந்தது ஆட்டத்தின் ஒரு பகுதிதான். திரையில் பார்க்கும்போது நான்கு பேர் வலைக்கருகே நின்று மெதுவாகப் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பத்துத் தட்டு, பதினைந்து தட்டு. திடீரென்று ஒருவர் வேகமாக அடிக்கிறார். டக், டக், டக் என்று நாலைந்து சத்தம் கேட்கிறது, புள்ளி முடிந்துவிடுகிறது. அந்த ஒன்றரை விநாடிக்குள் யார் என்ன முடிவெடுத்தார், அடித்தவரே ஏன் பல சமயம் தோற்கிறார் என்பது கேமராவில் பிடிபடுவதில்லை. வேகமாக அடிப்பதை ஸ்பீட்-அப் என்கிறார்கள். அதைத் தடுத்துத் திருப்பியடிப்பது கவுன்ட்டர். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தை அருகிலிருந்து பார்க்கவே நான் படகேறினேன்.

படகு ஈகிள் துறைமுகத்துக்குள் நுழையும்போது இடப்பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு கரை வரும். அங்கிருக்கும் பூங்காவுக்கு ஜோயல் பிரிட்சர்ட் பெயர் வைத்திருக்கிறார்கள். பிக்கிள்பாலை உருவாக்கிய மூவரில் ஒருவர் அவர்; பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகவும் வாஷிங்டன் மாநிலத்தின் துணை ஆளுநராகவும் இருந்தவர். அதே பூங்காவுக்குள்தான் ஜப்பானிய அமெரிக்கர்களின் நினைவுச் சுவர் இருக்கிறது. 1942 மார்ச் 30 அன்று ராணுவத்தினர் இந்தத் தீவின் ஜப்பானிய வம்சாவளியினர் 227 பேரை அந்தக் கரையிலிருந்த துறை வழியாகப் படகில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மேற்குக் கடற்கரை முழுவதும் பின்னர் நடந்த வெளியேற்றத்துக்கு அதுதான் தொடக்கம். விளையாட்டைத் தேடிப் போகிறவர்கள் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது என் வேண்டுகோள். தேவதாரு மரப்பலகையில் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் இருக்கின்றன, வயதோடு.

விளையாட்டின் கதை 1965 கோடையில் தொடங்குகிறது. பிரிட்சர்ட் அப்போது மாநில சட்டமன்ற உறுப்பினர். ஒரு சனிக்கிழமை நண்பர் பில் பெல்லுடன் கோல்ஃப் ஆடிவிட்டு வீடு திரும்பினால், பிள்ளைகள் பொழுதுபோகாமல் சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பழைய பேட்மின்டன் களம் இருந்தது, ஆட்டச் சாமான்கள் முழுதாக இல்லை. கைக்குக் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். முதலில் வலை பேட்மின்டன் உயரத்திலேயே, 60 அங்குலத்தில், இருந்தது. தார்த் தரையில் பந்து நன்றாக எழும்புவதைப் பார்த்து 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அடுத்த வாரம் பார்னி மெக்கலம் சேர்ந்துகொண்டார். மட்டைகள் தாங்காமல் போனதும் தன் வீட்டு அடித்தளத்தில் ஒட்டுப்பலகையை அறுத்துப் புதிய மட்டைகள் செய்தவர் அவர்தான். அந்த முதல் களம் இன்றும் தீவில் இருக்கிறது, ஒரு தனியார் வீட்டு வளாகத்துக்குள். 2022 மார்ச் 28 அன்று, பிக்கிள்பாலை மாநிலத்தின் அதிகாரபூர்வ விளையாட்டாக்கும் சட்டத்தில் ஆளுநர் ஜே இன்ஸ்லீ அந்தக் களத்தில் வைத்தே கையெழுத்திட்டார். அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்க மனமில்லாததால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த மூவரும் கையோடு கொண்டுவந்துவிட்ட ஓர் அளவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. இருந்தது பேட்மின்டன் களம் என்பதால் நீள அகலமும் அதுவே: 44 அடிக்கு 20 அடி. பேட்மின்டனில் வலைக்கு ஆறரை அடி தள்ளி ஒரு கோடு உண்டு. இங்கே அது 7 அடியானது. அந்தக் கோட்டுக்கும் வலைக்கும் இடைப்பட்ட பகுதியைக் கிச்சன் என்கிறார்கள். அதற்குள் நின்றோ அதன் கோட்டை மிதித்தோ பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் தடுமாறி உள்ளே காலை வைத்தாலும் தவறு. ஆகவே இரு தரப்பும் வலையை எவ்வளவு நெருங்கினாலும் நடுவில் 14 அடி இருந்தே தீரும். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் பந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் அந்த 14 அடியைக் கடக்க ஏறக்குறைய கால் விநாடி. கண் கண்டதைக் கை அறிந்து அசையத் தொடங்கவே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் இருப்பது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அதற்குள் ஒருவர் பந்தை எதிர்கொள்கிறார் என்றால், பந்து புறப்படும் முன்பே அவர் பாதி வேலையை முடித்திருக்கவேண்டும்.

வின்ஸ்லோ கடைத்தெருவில் காபி குடித்துவிட்டு வடமேற்காகக் காரில் போனோம். சாலையின் இரு புறமும் டக்ளஸ் ஃபிர் மரங்கள். தோல் உரிந்து செம்பு நிறத்தில் நிற்கும் மட்ரோனா மரங்களும் ஆங்காங்கே உண்டு. வேலியோரங்களில் பிளாக்பெர்ரி பழுத்துக் கிடந்தது. பேட்டில் பாயின்ட் பூங்கா முன்பு கடற்படையின் வானொலி நிலையமாக இருந்த இடம். அந்தக் காலத்துக் கான்கிரீட் கட்டடம் ஒன்றை இப்போது வானாய்வுக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் நிறுவனர்கள் பெயரால் அமைத்த பிக்கிள்பால் களங்கள்.

வேலியில் மாட்டியிருந்த தாங்கியில் பேடிலைச் செருகி வைத்தால் அதுவே வரிசை. பெயர் பதிவு எதுவும் கிடையாது. களம் காலியானதும் அடுத்த நான்கு பேடிலுக்குரியவர்கள் உள்ளே போகிறார்கள். எழுபது வயதுக்காரரும் கல்லூரி மாணவியும் ஒரே ஜோடியாக ஆடுவதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். கடைசிக் களம் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே நன்றாக ஆடுகிறவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலியோரம் போய் நின்றுகொண்டேன்.

ஒரு பக்கம் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு ஜோடி இடக்கைக்காரரான ஒரு நடுவயதுக்காரர். எதிரே இருபதுகளில் இரண்டு இளைஞர்கள், டென்னிஸ் ஆடிப் பழகிய தோள்கள். கையில் வலு இருந்தது, அடிக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் சில புள்ளிகளிலேயே ஒன்று தெரிந்தது: இளைஞர்கள் அடித்தார்கள், அம்மாள் ஜெயித்தார்.

காரணம் பந்தின் உயரம். கிச்சன் கோட்டருகே முழங்கால் உயரத்தில் இருக்கும் பந்தை வேகமாக அடித்தால் அது வலையைத் தாண்டுவதற்காக மேல்நோக்கித்தான் போகவேண்டும். வலை நடுவில் 34 அங்குலம், ஓரத்தில் 36. முழங்காலிலிருந்து ஏறி வலையைத் தாண்டிய பந்து எதிராளியிடம் சேரும்போது மார்புக்கு வந்திருக்கும். மார்புக்கு வந்த பந்தை அவர் கீழ்நோக்கி அறையலாம். அடித்தவருக்கோ தான் அடித்து முடித்த கையைத் திரும்பக் கொண்டுவரவே நேரமில்லை. தாழ்ந்த பந்தைத் தாக்குகிறவர் தன் கையாலேயே எதிராளிக்கு ஒரு நல்ல பந்தை எடுத்துக் கொடுக்கிறார். அக்கா மகள் மெதுவாகச் சொன்னாள்: "இங்க எல்லாரும் மொதல்ல கத்துக்கற பாடம் இதுதான் சித்தி. எப்ப அடிக்கக் கூடாதுங்கறது."

இதைவிட நுட்பமான ஒன்றை அந்த அம்மாள் செய்தார். இளைஞர்களில் உயரமானவர் கணுக்காலுக்கருகிலிருந்து பந்தை ஓங்கி அடித்தார். பந்து அம்மாளின் தோளை நோக்கி வந்தது. அவர் பேடிலை உயர்த்தவில்லை. உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வழி விட்டார். பந்து பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. அவ்வளவு தாழ்வாகப் புறப்பட்டுத் தோளுயரத்தில் வருகிற வேகப்பந்து பெரும்பாலும் களத்துக்குள் இறங்காது என்பது கணக்கு. ஆனால் கால் விநாடியில், உடம்பைக் குறிவைத்து வருகிற பந்தின் முன்னால், கையை அசைக்காமல் இருப்பதற்கு எத்தனை நிதானம் வேண்டும்! நான் அன்று பார்த்த எதிர்த்தாக்குதல்களில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்று கேட்டேன். பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போதும் தாமதம்தான், எதிராளியின் தோளையும் பேடில் முனையையும் பார்ப்பேன் என்றார். மெதுவாகத் தட்டப்போகிறவரின் பேடில் பந்தின் பின்னால் அமைதியாக வந்து சேரும். அடிக்கப்போகிறவருக்கு முனை ஓர் அங்குலமாவது கீழே விழும், அல்லது தோள் பின்வாங்கும். அது தெரிந்த நொடியே தன் எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்து பேடிலை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிவிடுவாராம். "பேடிலை வயிற்றோடு ஒட்டி வைத்திருப்பவர்கள் பாதித் தூரத்தை இழந்துவிடுகிறார்கள்" என்றார்.

பேடிலைப் பிடித்துக் காட்டச் சொன்னேன். வலக்கைக்காரரான அவர் பேடிலின் முகத்தைப் பேக்ஹேண்ட் பக்கமாகத் திருப்பி, முனை இடத்தோளுக்கு நேராக மேலே பார்க்க வைத்திருந்தார். முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் முன்னே. பேக்ஹேண்டில் நின்றால் இடப்பக்க இடுப்பிலிருந்து வலப்பக்க மார்பு வரைக்கும் ஒரே வீச்சில் மூடிவிடலாம். ஃபோர்ஹேண்டில் அது முடியாது, கை உடம்புக்குக் குறுக்கே வந்து சிக்கிக்கொள்ளும். அவர் கவுன்ட்டர் அடிக்கும் வீச்சு நான்கு விரற்கடைக்கு மேல் இருக்காது. பின்னால் இழுப்பதே இல்லை. வருகிற பந்தில் இருக்கும் வேகமே போதும், நாம் சேர்க்கவேண்டியது திசையை மட்டும்தான் என்பது அவர் வாதம். பிடியும் இறுக்கமாக இல்லை. பந்து படும் கணத்தில் மட்டும் கடைசி மூன்று விரல்கள் இறுகின.

பேக்ஹேண்டில் மூடிய இந்தக் கோட்டைக்கும் ஒரு வாசல் உண்டு: வலது இடுப்புக்கும் வலது அக்குளுக்கும் நடுவில். அங்கே வரும் பந்துக்குப் பேக்ஹேண்ட் எட்டாது, ஃபோர்ஹேண்டுக்கு இடம் போதாது. முழங்கை மேலே தூக்கிக்கொண்டு பேடில் கீழ்நோக்கித் தொங்கும். தேர்ந்தவர்கள் ஸ்பீட்-அப் அடிக்கும்போது காலி இடத்தைத் தேடுவதில்லை, இந்த வாசலைத்தான் தேடுகிறார்கள். டென்னிஸிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஏறுக்குமாறாக இருக்கும். அங்கே எதிராளி இல்லாத இடத்தில் அடிக்கவேண்டும். 20 அடி அகலத்தில் இரண்டு பேர் நிற்கும் களத்தில் இல்லாத இடமே கிடையாது. எதிராளியின் உடம்புதான் குறி.

அதற்கும் மாற்று வைத்திருக்கிறார்கள். பந்து வலது அக்குளுக்கு வருமென்று தெரிந்தால் சடாரென்று குந்தி, பேடிலைத் தலைக்கு மேல் கொண்டுவந்து ஃபோர்ஹேண்டில் கீழ்நோக்கி அறைவது ஒரு வழி. ஸ்கார்ப்பியன் என்று அதற்குப் பெயர். அன்று அந்த இடக்கைக்காரர் ஒருமுறை அதை ஆடினார், வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் கத்திவிட்டார்கள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் முழங்காலுக்குக் கேடு, தவறினால் எழுந்து நிற்பதற்குள் அடுத்த பந்து போய்விடும். அம்மாளின் வழி எளிமையானது. உடம்பை வலப்பக்கம் அரையடி சாய்த்து, வலத்தோளுக்கு வந்த பந்தையும் பேக்ஹேண்டாலேயே எடுத்துவிட்டார்.

ஸ்பீட்-அப் அடிப்பவர் புள்ளியை அந்த அடியிலேயே முடிக்க நினைக்கிறார் என்றுதான் நானும் பலரைப்போல நினைத்திருந்தேன். வேலியோரம் நின்ற அந்தக் காலைப்பொழுது அந்த எண்ணத்தை மாற்றியது. கேரம் ஆட்டத்தில் ஒரு காயை அடிக்கும்போதே அடுத்த காய் எங்கே வந்து நிற்கும் என்று பார்ப்போமே, அதே கணக்கு இங்கேயும். முதல் அடி எதிராளியின் வலது இடுப்புக்கு. சிக்கிக்கொண்ட கையிலிருந்து வரும் பதில் பெரும்பாலும் நடுப்பக்கமாக, வலைக்கு மேலே தூக்கலாக வரும். அதை முடிப்பது அடித்தவர் அல்ல, அவருடைய ஜோடி. நேரெதிரே நிற்பவரின் பேக்ஹேண்டுக்கு அடித்தால் பதில் குறுக்காகப் பாயும், அதுவும் ஜோடியின் பக்கம்தான். ஆக அடிப்பது ஒருவர், அதன் பலனை வாங்கிக்கொள்கிறவர் இன்னொருவர். இளைஞர்கள் இருவரும் தோற்றதற்கு வேகம் குறைந்தது காரணமில்லை. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் வேடிக்கை பார்த்தார். எதிரே அந்த இடக்கைக்காரரின் பேடில், அம்மாள் பந்தைத் தொடும் முன்பே உயர்ந்திருந்தது.

தேர்ந்தவர்கள் அடிக்கும் வேகமும் எண்பது சதவீதத்தைத் தாண்டுவதில்லை. முழு வலுவையும் போட்டால் பந்து நீளமாகப் போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வேகமாகப் போன பந்து அதே வேகத்தில் திரும்பும், நாம் தயாராகு முன்பே. அக்கா மகள் இதை நன்றாகச் சொன்னாள்: "நான் தர்ற வேகத்தைத்தான் சித்தி அவங்க எனக்குத் திருப்பித் தருவாங்க."

எல்லா அடிக்கும் அடியால்தான் பதில் சொல்லவேண்டும் என்பதில்லை. பந்து மிகத் தாழ்வாக வந்தால், அல்லது கால் நிலைகொள்ளாமல் இருந்தால், பிடியைத் தளர்த்திப் பந்தின் வேகத்தை உறிஞ்சிக்கொண்டு எதிராளியின் கிச்சனுக்குள் மெத்தென்று விழவைப்பார்கள். ரீசெட் என்பது இதுதான். ஆட்டம் மறுபடியும் மெதுவான தட்டலுக்குப் போய்விடும், தாக்கியவரின் உழைப்பெல்லாம் வீண். ஓங்கி அடித்த ஒருவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் பதில் இருக்க முடியாது.

இத்தனையிலும் மட்டைக்கும் பங்கு உண்டு. மரப்பலகை மட்டையிலிருந்து இந்த ஆட்டத்தை விடுவித்தவரும் இந்தப் பகுதிக்காரர்தான். சியாட்டில் போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆர்லன் பரான்டோ, விமானத்தின் தரைக்குப் பயன்படுத்தும் தேன்கூட்டு அறை கொண்ட பலகைகளை வெட்டி 1984-இல் முதல் கூட்டுப்பொருள் பேடிலைச் செய்தார். எடை சட்டென்று குறைந்தது. இன்றைய பேடில்கள் பலவற்றின் முகம் கார்பன் இழை. சற்றே சொரசொரப்பான அந்த முகம் பந்தைப் பற்றிச் சுழற்றுகிறது. முன்சுழல் ஏறிய பந்து வலையைத் தாண்டியதும் கீழே இறங்கும். அதனால்தான் முன்பு தொடவே கூடாது என்றிருந்த தாழ்ந்த பந்துகளையும் இப்போது மணிக்கட்டைச் சுண்டித் தாக்குகிறார்கள். ஃபிளிக், ரோல் என்று சொல்கிற அடிகள் இவை. தொழில்முறை ஆட்டக்காரர் பென் ஜான்ஸின் பேக்ஹேண்ட் ஃபிளிக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ரீசெட் போலவே தொடங்கும்; கடைசிக் கணத்தில்தான் மணிக்கட்டு வேறு கதை சொல்லும்.

புதிய மட்டைகள் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டன, எல்லாம் வேகமாகிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேகம் கூடியதும் கவுன்ட்டரும் கூடவே வளர்ந்தது. அன்னா லீ வாட்டர்ஸ் அதற்குச் சரியான சாட்சி. 2017-இல் இர்மா புயலுக்காக ஃப்ளோரிடாவை விட்டுப் பென்சில்வேனியாவிலிருந்த தாத்தா வீட்டுக்குப் போன இடத்தில் தாயும் மகளுமாக இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். 2019-இல், 12 வயதில், தாய் லீயோடு சேர்ந்து தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினார். பெண்கள் இரட்டையர் ஆட்டம் அப்போது பொறுமையான தட்டல் ஆட்டமாக இருந்தது. இவர்கள் இருவரும் வந்து அடித்துத் தள்ளினார்கள். இரண்டு கையால் அடிக்கும் பேக்ஹேண்டை அவர் தாக்குதலுக்கும் பயன்படுத்தினார், கவுன்ட்டருக்கும் பயன்படுத்தினார். இன்று தீவின் களத்திலேயே பள்ளிச் சிறுமிகள் பேடிலை இரு கையாலும் பிடித்து நிற்கிறார்கள்.

எர்ன் என்ற அடியையும் அன்று பார்த்தேன். கிச்சனுக்குள் நின்று பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாது என்றால் கிச்சனுக்கு வெளியே, பக்கவாட்டில் போய் நின்று அடிக்கலாமே என்று யோசித்ததன் விளைவு அது. 2010-இல் தேசியப் போட்டியில் எர்ன் பெர்ரி என்ற ஆட்டக்காரர் இதை ஆடிக் காட்ட, அவர் பெயரே நிலைத்துவிட்டது. எதிராளி ஓரக்கோட்டையொட்டித் தட்டப்போகிறார் என்று தெரிந்ததும் கிச்சனின் மூலையைத் தாவிக் கடந்து, களத்துக்கு வெளியே வலையருகில் இறங்கிப் பந்தை அறைந்துவிடுவது. எதிராளிக்கு மிஞ்சுவது பாதித் தூரம்தான். அதற்குப் பதில் ஏதாவது இருந்தால் அது முன்கூட்டியே தர வேண்டிய பதில்: ஓரத்தில் நிற்பவரின் கால் அசைவதை ஓரக்கண்ணால் பார்த்து, பந்தை நடுவில் தட்டிவிடுவது. அவர் வெளியே குதித்துவிட்டார் என்றால் அவருடைய பாதிக்களம் திறந்தே கிடக்கும். இளைஞர்களில் ஒருவர் இரண்டுமுறை எர்ன் அடித்தார், இரண்டும் புள்ளி. மூன்றாவது முறை அவர் காலைத் தூக்கியதும் அம்மாள் பேடிலைச் சிறிதாகத் திருப்பினார். பந்து அவர் விட்டுப்போன இடத்தில் நிதானமாக இரண்டுமுறை எழும்பியது.

வலைக்கம்பத்தைச் சுற்றி அடிப்பது இன்னொன்று, ஏடிபி. குறுக்காகத் தட்டிய பந்து ஓரக்கோட்டுக்கும் வெளியே விலகிப் போகும்போது, அதை வலைக்கு மேலாகத்தான் அனுப்பவேண்டும் என்று விதி இல்லை. கம்பத்துக்கு வெளியே, தரையை ஒட்டினாற்போல அடித்துக் களத்துக்குள் சேர்க்கலாம். எதிராளியால் அதைப் பிடிப்பது கடினம். இதற்கான கவுன்ட்டரைத் தேடுவதைவிட, அவ்வளவு அகலமாகத் தட்டாமல் இருப்பது மேல். அழகான குறுக்குத் தட்டலே ஏடிபியை அழைத்து வருகிறது. அன்று நான் பார்த்த ஒரே ஏடிபியும் அப்படி வந்ததுதான்.

மதியத்துக்கு மேல் அக்கா மகளின் பேடில் வரிசையில் முன்னுக்கு வந்தது. எதிரே அதே அம்மாள். இவள் தாக்குதல்காரி. முதலில் நேராக அம்மாளின் வலது இடுப்புக்கே குறிவைத்தாள், இரண்டு புள்ளி வந்தது. மூன்றாவதுக்கு அம்மாள் வலப்பக்கம் சாய்ந்து காத்திருந்து, இவள் காலடியிலேயே பந்தைத் திருப்பினார். அதன்பின் இவள் அதே சாய்வைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம், இடது இடுப்புக்கு அடித்தாள். சாய்ந்த உடம்புக்கு அந்தப் பக்கம் இப்போது தூரமாகியிருந்தது. அம்மாள் தலையசைத்துப் பாராட்டினார், அடுத்த புள்ளியில் சாய்வதை விட்டுவிட்டார். இப்படி மாறி மாறி ஒருவரை ஒருவர் படித்துக்கொண்டே போய் 11-9 என்று முடிந்தது. அம்மாள்தான் ஜெயித்தார். கடைசிப் புள்ளி ரீசெட்டில் வந்தது. இவள் அடித்த மூன்று வேகப்பந்தையும் கிச்சனுக்குள் இறக்கி, நான்காவதாக இவள் பொறுமையிழந்து முழங்காலுக்குக் கீழிருந்து அடித்தபோது, நெஞ்சுயரத்தில் வந்த பந்தை அமைதியாகக் கீழே அறைந்தார்.

வலையருகே பேடில்களைத் தட்டிக்கொண்டு முடித்ததும் அக்கா மகள் அவரை விடவில்லை. அந்த மூன்று ரீசெட்டிலும் பிடி எவ்வளவு தளர்ந்திருந்தது, முழங்கை எங்கே இருந்தது என்று கேட்டாள். பக்கத்துக் களம் காலியாக இருந்தது. வாயால் சொல்லிப் பயனில்லை, யாராவது வேகமாகப் பந்து போடட்டும் என்றார் அம்மாள். "சித்தி, நீங்க பேட்மின்டன் ஆடினவங்கதானே? அந்தக் கோட்டுல நின்னு என் வலது இடுப்புக்கே அடிச்சுக்கிட்டு இருங்க. நிறுத்தாம அடிங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் இடத்துக்குப் போனாள். நான் பந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். "இன்னும் முன்னால வாங்க," என்று கையைக் காட்டினாள், "கோட்டுக்கே வாங்க. 14 அடி சரியா இருக்கணும்."